லினக்ஸ் போட்டபின் வைஃபை வரவில்லையா? முதலில் சிப்பின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது, இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்கிறது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் வீடுகளில் இருக்கும் லேப்டாப்கள் பல இதற்குத் தேறாது. பள்ளியில் அரசு இலவசமாகக் கொடுத்தது, அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிப் பிறகு தங்கைக்கு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. தூக்கிப்போட மனம் வராமல் பலர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போடுகிறார்கள். நல்ல முடிவு.

போட்டு முடித்ததும் திரை அழகாக வருகிறது, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, டச்பேட் வேலை செய்கிறது. மூலையில் வைஃபை அடையாளம் மட்டும் இல்லை. எதைத் தேடுவதற்கும் நெட் வேண்டும், நெட் வருவதற்குத்தான் இப்போது வழி தேட வேண்டும். இந்த இடத்தில் மனம் விட்டுப்போய், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று திரும்ப விண்டோஸுக்கே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இது பெரும்பாலும் தீர்க்கக்கூடிய சிக்கல். என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் போதும், ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

என் அனுபவத்தில் ஆட்கள் மாட்டிக்கொள்வது ஒரே காரணத்தால்தான். எந்தச் சிப் என்றே பார்க்காமல், தேடலில் முதலில் வந்த தீர்வை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். வேறு யாருடைய லேப்டாப்புக்கோ சொன்ன வைத்தியம் அது. நம் லேப்டாப்பில் அது இன்னொரு சிக்கலைக் கிளப்பிவிடும். அதனால் முதலில் கொஞ்சம் கருத்தைப் பார்ப்போம், அப்புறம் கைவேலை.

டிரைவர் என்றால் என்ன?

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த குடும்பத்துக்குத் தமிழ் வராது, லாட்ஜ்காரருக்கு வங்காளம் வராது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் நின்றுவிட்டால் அறை, சாப்பாடு, மருந்துக்கடை எல்லாம் நடக்கும். கணினியில் அப்படி நடுவில் நிற்பதுதான் டிரைவர். ஒரு பக்கம் லினக்ஸின் மையமான கெர்னல், இன்னொரு பக்கம் வைஃபை சிப். இன்டெல் சிப்புக்கு ஒரு மொழி, ரியல்டெக்குக்கு ஒரு மொழி. அதனால் ஒன்றுக்கு எழுதிய டிரைவர் இன்னொன்றுக்கு உதவாது.

விண்டோஸில் டிரைவரை லேப்டாப் கம்பெனியே போட்டுக் கொடுத்துவிடும், அல்லது அதன் தளத்தில் செட்டப் கோப்பாக வைத்திருக்கும். லினக்ஸில் ஏற்பாடு வேறு. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றை மாட்யூல் என்பார்கள். லேப்டாப் ஆன் ஆகும்போது கெர்னல் ஒவ்வொரு சிப்பிடமும் அடையாள எண்ணைக் கேட்டு, அதற்குப் பொருத்தமான மாட்யூலைத் தானே எடுத்து ஏற்றிக்கொள்ளும். ஆகவே லேப்டாப் கம்பெனியின் தளத்தில் போய் லினக்ஸ் டிரைவர் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. அங்கே கிடைக்கும் விண்டோஸ் செட்டப் கோப்பு இங்கே ஓடாது. ஒரு காலத்தில் என்டிஸ்ராப்பர் என்ற கருவியால் விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டினார்கள். பழைய குறிப்புகளில் இன்னும் அந்தப் பெயர் கண்ணில் படும். அதைத் தொட வேண்டாம், அந்தக் காலம் போய்விட்டது.

டிரைவரோடு இன்னொன்றும் தேவை, அது ஃபர்ம்வேர். வைஃபை சிப்புக்குள்ளேயே ஒரு சின்ன ப்ராசஸர் இருக்கிறது. அதில் ஓட வேண்டிய புரோகிராம்தான் ஃபர்ம்வேர். பல சிப்களில் இது நிரந்தரமாகப் பதிந்திருக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை டிஸ்கிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஏற்றும். கோப்பு இல்லையென்றால், டிரைவர் சரியாக இருந்தும் வைஃபை வராது. பாதிப் பேருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால்தான் டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், குறை ஃபர்ம்வேரில் இருக்கும்.

ஃபர்ம்வேரின் மூல நிரலைக் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதனால் சுதந்திர மென்பொருளில் உறுதியாக இருந்த டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகை நீண்டகாலம் இவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. வைஃபை வராத புகார்கள் டெபியனில் அதிகமாக இருந்ததற்கு இதுவே பெரிய காரணம். 2022-இல் அதன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூன் 10-இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. பழைய டெபியன் பென்டிரைவ் வைத்திருப்பவர்கள் அதைப் புதிதாக எழுதிக்கொள்வது நல்லது.

முதலில் தற்காலிகமாக நெட்

பழுதுபார்க்கவே நெட் தேவைப்படும். இதற்கு எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். ஃபோனின் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட், டெத்தரிங் என்ற பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெத்தரிங்கை ஆன் செய்யுங்கள். சில நொடிகளில் லேப்டாப்பில் வயர் மூலம் இணைந்ததாக அடையாளம் வரும். இதற்குத் தனியாக எந்த டிரைவரும் போட வேண்டியதில்லை, கெர்னலிலேயே இருக்கிறது.

டெத்தரிங் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் ஏறுவதற்கு மட்டுமே பயன்படும் கேபிள்கள் உண்டு, அவற்றில் டேட்டா போகாது. இன்னொன்று, டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டு வைஃபையில் ஃபோன் இணைந்திருந்தால், பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். வீட்டில் ரூட்டர் பக்கத்திலேயே இருந்தால் ஒரு லேன் கேபிளைச் செருகியும் வேலையை முடிக்கலாம்.

நெட் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டையும் போட்டு ஒரு ரீஸ்டார்ட். புதிய கெர்னலும் புதிய ஃபர்ம்வேரும் வந்து, வேறு எதுவும் செய்யாமலேயே வைஃபை வந்துவிடும் லேப்டாப்கள் நிறைய உண்டு. அப்புறம் மின்ட்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற கருவியைத் திறந்து பாருங்கள். உங்கள் சிப்புக்குத் தனி டிரைவர் தேவை என்றால் அதுவே பட்டியல் காட்டும். தேர்ந்தெடுத்து, அப்ளை கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

இதிலேயே சரியாகிவிட்டால் மேற்கொண்டு படிக்கக்கூட வேண்டாம். ஆகவில்லை என்றால்தான் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலுக்குப் போக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, நாம் கொடுக்கப்போகும் கட்டளைகளில் பெரும்பாலானவை எதையும் மாற்றாது, பார்த்துச் சொல்லும், அவ்வளவுதான். கட்டளைகளைத் தமிழில் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

பூட்டிக் கிடக்கிறதா?

டிரைவரைத் தொடுவதற்கு முன், வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆர்எஃப்கில் என்று எழுதி, இடைவெளி விட்டு லிஸ்ட் என்று கொடுங்கள். அதில் சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு என்று இரண்டு வரிகள் வரும். சாஃப்ட் என்பதற்கு நேராக எஸ், அதாவது ஆம், என்று இருந்தால் மென்பொருள் அணைத்திருக்கிறது. ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று கொடுத்தால் திறந்துவிடும். ஹார்டு என்பதற்கு நேராக எஸ் என்றால் லேப்டாப்பின் பொத்தானோ பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தள்ளு சுவிட்சோ அணைத்திருக்கிறது. பழைய மாடல்களில் அந்தச் சுவிட்ச் முன்விளிம்பில் இருக்கும், பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டே நகர்ந்துவிடும். மற்றவற்றில் எஃப்என் விசையோடு ஆன்டெனாவோ விமானமோ வரைந்த விசையை அழுத்த வேண்டும்.

லெனோவோ ஐடியாபேட் வகையில் ஒரு விசேஷம் உண்டு. சில மாடல்களில் சுவிட்சே கிடையாது, ஆனாலும் ஹார்டு பிளாக் என்று காட்டும். ஐடியாபேட்_லேப்டாப் என்ற மாட்யூல், இல்லாத சுவிட்சை இருப்பதாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். சூடோ (எஸ், யூ, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள், பாஸ்வேர்டு கேட்கும்) மோட்ப்ரோப், கழித்தல் குறி, ஆர் எழுத்து, அதன்பின் அந்த மாட்யூல் பெயர் என்று கொடுத்து அதை இறக்கிப் பாருங்கள். உடனே வைஃபை வந்தால் நோய் இதுதான். ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் அந்தப் பெயரை பிளாக்லிஸ்ட் செய்துவிட்டால், அதாவது இனி ஏற்றாதே என்று குறித்துவிட்டால், நிரந்தரமாகச் சரியாகும்.

சிப்பின் பெயர்

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். எல்எஸ்பிசிஐ என்று எழுதி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டி என், என், கே என்ற மூன்று எழுத்துகளைப் போட்டு என்டர் தட்டுங்கள். நீளமாக வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ஈதர்நெட் என்று இருப்பது லேன் கேபிளுக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

அந்த வரியில் கம்பெனிப் பெயரும், சிப் எண்ணும், கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு பகுதியாக ஓர் அடையாள எண்ணும் இருக்கும். அதன் முதல் பகுதி கம்பெனிக்கு உரியது. 8086 என்றால் இன்டெல். 168சி என்றால் ஏத்தரோஸ். 10ஈசி ரியல்டெக், 14ஈ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக். இந்த எண்ணை முழுதாக ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிறகு எதைத் தேடினாலும் இதை வைத்துத்தான் தேட வேண்டும். லேப்டாப் மாடல் பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ஒரே மாடலில் ஒரு தொகுப்புக்கு இன்டெல் சிப்பும் அடுத்த தொகுப்புக்கு ரியல்டெக் சிப்பும் போட்டு விற்பது சாதாரணம்.

அதன் கீழேயே கெர்னல் டிரைவர் இன் யூஸ் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வரிதான் வழியைப் பிரிக்கிறது. அது இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, குறை ஃபர்ம்வேரிலோ வேறு எங்கோ. அது இல்லாவிட்டால் டிரைவரே கிடைக்கவில்லை. நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியே காணவில்லை என்றால் லினக்ஸுக்குச் சிப்பே தெரியவில்லை. லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் வைஃபை அணைக்கப்பட்டிருக்கலாம், கார்டு தளர்ந்திருக்கலாம். லேப்டாப்பை முழுதாக ஆஃப் செய்து, சார்ஜரை எடுத்து, பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். பல முறை இதுவே போதும். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அது விண்டோஸை முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் வைப்பதால் வைஃபை சிப் லினக்ஸில் எழுந்திருக்காமல் போவது உண்டு.

எந்தக் கம்பெனி, என்ன குணம்

இன்டெல் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஐடபிள்யூஎல்வைஃபை என்ற டிரைவரை இன்டெல் பொறியாளர்களே எழுதிக் கெர்னலில் சேர்க்கிறார்கள். ஃபர்ம்வேர் மட்டும் இருந்தால் போதும். பழைய ஏத்தரோஸ் சிப்கள் இன்னும் சுலபம். 2008-இல் கெர்னலுக்கு வந்த ஏடிஹெச்9கே டிரைவருக்கு, லேப்டாப்புக்குள் இருக்கும் வகையில், ஃபர்ம்வேர்கூடத் தேவையில்லை. ஏஆர்9285, ஏஆர்9485 போன்ற எண்கள் வந்தால் நிம்மதியாக இருங்கள்.

பிராட்காம் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தக் கம்பெனி நீண்டகாலம் தன் சிப் எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியே சொல்லவில்லை. தன்னார்வலர்கள் அதன் மூடிய டிரைவர் என்ன செய்கிறது என்று கவனித்து, ஒரு குழு குறிப்பெழுத, இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புது டிரைவர் எழுதியது. 2006-இல் அதன் முதல் வடிவம் கெர்னலில் சேர்ந்தது, பி43 என்ற டிரைவர் அதன் வழியில் வந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேருடைய வைஃபைக்காக ஊதியம் இல்லாமல் இந்த உழைப்பைக் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. 2010-இல் பிராட்காமே சில சிப்களுக்குத் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. ஆனாலும் எல்லாச் சிப்களும் அதில் வரவில்லை.

அதனால் பிராட்காமில் சிப் எண்தான் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறது. பிசிஎம்4311, பிசிஎம்4318 போன்ற மிகப் பழையவற்றுக்கு பி43 டிரைவரும் அதற்கான ஃபர்ம்வேர் பேக்கேஜும். விலை குறைந்த லேப்டாப்களில் பரவலாக வந்த பிசிஎம்43142-க்கு பி43 உதவாது. அதற்கு டபிள்யூஎல் என்ற கம்பெனி டிரைவர்தான் வேண்டும். டிரைவர் மேனேஜரில் இது பிராட்காம் எஸ்டிஏ என்ற பெயரில் தெரியும். எது சரி என்று தெரியாமல் இரண்டையும் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும், கடைசியில் எதுவும் ஏறாது. அப்படி ஏற்கெனவே போட்டிருந்தால் தேவையில்லாததை முதலில் நீக்கிவிடுங்கள்.

ஃபோன், லேன் எதுவும் இல்லாத நிலையிலும் பிராட்காமுக்கு ஒரு வழி உண்டு. உபுண்டு, மின்ட் நிறுவிய பென்டிரைவிலேயே இந்த டிரைவர் பேக்கேஜ் இருக்கும். மின்ட்டின் டிரைவர் மேனேஜர் நெட் இல்லை என்று கண்டால், அந்தப் பென்டிரைவைச் செருகி அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதியைத் தானே காட்டும். நிறுவி முடித்த கையோடு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.

ரியல்டெக்கில் கேள்வியே வேறு: உங்கள் கெர்னல் சிப்பை விட வயதில் மூத்ததா? ரியல்டெக்கின் புதிய சிப்களுக்கான டிரைவர்கள் தாமதமாகவே கெர்னலுக்கு வந்தன. ஆர்டிடபிள்யூ88 என்ற குடும்பம் 5.2 கெர்னலில், 2019-இல் வந்தது. இப்போதைய லேப்டாப்களில் அதிகம் காணப்படும் ஆர்டிஎல்8852பிஇ சிப்புக்கு 6.2 கெர்னல் தேவை. உபுண்டு 22.04 முதலில் வந்தபோது அதன் கெர்னல் 5.15. ஆக, அந்தப் பழைய பென்டிரைவை வைத்துப் புது லேப்டாப்பில் போட்டால் வைஃபை வராமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. யூநேம், கழித்தல் குறி, ஆர் என்று கொடுத்தால் உங்கள் கெர்னல் எண் தெரியும். பழையது என்றால் டிரைவர் தேடி அலைவதை விட்டு, கெர்னலைப் புதுப்பியுங்கள், அல்லது 6.8 கெர்னலோடு வந்த உபுண்டு 24.04 போன்ற பதிப்பைப் போடுங்கள். கெர்னலைப் புதுப்பிக்க மின்ட்டின் அப்டேட் மேனேஜரிலேயே வியூ மெனுவில் இடம் இருக்கிறது.

மீடியாடெக்கும் இதே மாதிரிதான். எம்டி7921 சிப்புக்கு 5.12 கெர்னலிலிருந்து ஆதரவு உண்டு. அதற்கு மேல் இருந்தால் தொல்லை குறைவு.

டிரைவர் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை

டிரைவர் இன் யூஸ் வரி இருந்தும் வைஃபை இல்லையா? சூடோ டிமெசேஜ் என்ற கட்டளையில் கெர்னல் தன் நாட்குறிப்பைக் காட்டும். டி, எம், ஈ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள்தான் அது. அதில் ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் இடங்களைத் தேடுங்கள். ஃபெயில்டு டு லோட் என்று இருந்தால், எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்ற பெயரும் அங்கேயே இருக்கும். உபுண்டு, மின்ட்டில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற பேக்கேஜைப் புதுப்பித்தால் வந்துவிடும். டெபியனில் கம்பெனிவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இன்டெல்லுக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக்.

பிராட்காம் டிரைவரைப் போட்டும் ஏறவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மாட்யூலை ஏற்றவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு அது. வெளியிலிருந்து போடும் டிரைவர்கள் உங்கள் லேப்டாப்பிலேயே உருவாக்கப்படுவதால், அவற்றுக்கான சாவியை நீங்கள்தான் பதிய வேண்டும். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடி காத்திருக்கும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். ஏதோ கோளாறு என்று எண்ணிச் சும்மா இருந்தால் திரை போய்விடும், சாவியும் பதியாது. உடனே ஒரு விசையைத் தட்டி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து, கன்டினியூ, எஸ் கொடுத்து, அதே பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். திரை போய்விட்டால் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், திரும்ப வரும். செக்யூர் பூட்டையே பயாஸில் அணைத்துவிடுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் இரண்டு நிமிட வேலையில் பாதுகாப்பை வைத்துக்கொள்ள முடியும்போது அதை ஏன் இழக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வெளியிலிருந்து போட்ட டிரைவருக்கு இன்னொரு கவனமும் தேவை. கெர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி உருவாக்கப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இதைத் தானாகச் செய்யும். ஆனால் அதற்கு லினக்ஸ்-ஹெடர்ஸ் பேக்கேஜ் இருக்க வேண்டும். நேற்றுவரை வந்த வைஃபை அப்டேட்டுக்குப் பிறகு போய்விட்டது என்றால், ஆன் ஆகும்போது எதை ஓட்டுவது என்று கேட்கும் க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். வைஃபை திரும்பி வந்தால் சிப்பில் குறை இல்லை. அந்த நெட்டிலேயே ஹெடர்ஸையும் டிரைவரையும் சரிசெய்துகொள்ளலாம்.

வருகிறது, ஆனால் சரியாக வரவில்லை

சத்துவாச்சாரியில் ஒரு மாணவியின் லேப்டாப். ஹாலில் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் வைஃபை வரும், பின்கட்டு அறைக்குப் போனால் அடியோடு போய்விடும். அதே அறையில் ஃபோனுக்கு நன்றாக எடுக்கிறது. சிப்பைப் பார்த்தால் ஆர்டிஎல்8723பிஇ. இந்தச் சிப்பில் ஆன்டெனாவுக்கு இரண்டு முனைகள் உண்டு, சில லேப்டாப்களில் கம்பெனி ஒரே ஒரு ஆன்டெனாவை மட்டும் இணைத்திருக்கும். டிரைவர் காலியாக இருக்கும் முனையை எடுத்துக்கொண்டால் சிக்னல் இப்படித்தான் இருக்கும். ஈடிசி ஃபோல்டருக்குள் மோட்ப்ரோப்.டி என்ற இடத்தில், பெயர் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2 என்று ஒரே வரி எழுதி ரீஸ்டார்ட் செய்தோம். பின்கட்டிலும் முழுச் சிக்னல். 2 சரிவராவிட்டால் 1 போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே கோளாறு என்று தெரிந்தால் ஒரு வரியில் தீர்ந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சிக்னல் நன்றாக இருந்தும் அடிக்கடி அறுந்து அறுந்து வந்தால் மின்சேமிப்பைச் சந்தேகப்படலாம். ஈடிசி-யில் நெட்வொர்க்மேனேஜர் ஃபோல்டருக்குள் கான்ஃப்.டி என்ற இடத்தில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று எழுதிய கோப்பு இருக்கும். 3 என்பதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணையும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

டிரைவர் சிக்கலே இல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபைபர் இணைப்பு ரூட்டர்கள் பலவற்றில் இரண்டு பெயர்கள் தெரியும், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும். அது ஃபோன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. மேலே சொன்ன ஆர்டிஎல்8723பிஇ, பிசிஎம்43142 போன்ற சிப்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே எடுக்கும். அவற்றுக்கு 5ஜி பெயர் ஒருநாளும் தெரியாது, எந்த டிரைவரும் அதைக் கொண்டுவர முடியாது. மற்றொரு பெயரில் இணைந்துகொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தும் முடியவில்லை என்றால் யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை கருவியான டாங்கிள் ஒரு வழி. ஆனால் பெட்டியில் லினக்ஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைக் கேளுங்கள். எம்டி7601யூ சிப் என்றால் 4.2 கெர்னலிலிருந்தே ஆதரவு இருக்கிறது, செருகினால் போதும். சில ரியல்டெக் டாங்கிள்கள் செருகியதும் வைஃபையாகத் தெரியாமல் சிடி டிரைவாகத் தெரியும். விண்டோஸுக்கான டிரைவரை உள்ளேயே வைத்திருப்பதால் இப்படி. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் 0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் இந்த வகைதான். ஃபைல் மேனேஜரில் அந்த சிடியை இஜெக்ட் செய்தால் பெரும்பாலும் வைஃபையாக மாறிவிடும். உள்ளே இருக்கும் கார்டையே மாற்றிவிட்டு இன்டெல் போடுவது நிரந்தரத் தீர்வு, வைஃபை கார்டு தாய்ப்பலகையில் பற்றவைக்கப்படாமல் கழற்றும்படி இருந்தால். ஆனால் பழைய லெனோவோ, ஹெச்பி மாடல்கள் சிலவற்றில் பயாஸ் தான் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. வாங்குவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் லினக்ஸ் போடாதவர்கள் இந்தச் சிரமம் எதையும் படவேண்டியதில்லை. பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்தால், டிஸ்கில் எதையும் தொடாமல் லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். அங்கேயே வைஃபையில் இணைந்து, ஒரு வீடியோ ஓடவிட்டு, லேப்டாப்பை மூடித் திறந்தபின் மறுபடி இணைகிறதா என்றும் பாருங்கள். இணையாவிட்டால் எல்எஸ்பிசிஐ கொடுத்துச் சிப்பின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கடையிலோ நண்பரிடமோ உதவி கேட்கப் போகும்போது அந்த எண், கெர்னல் எண், ஆர்எஃப்கில் காட்டியது, டிமெசேஜில் ஃபர்ம்வேர் பற்றி வந்த வரி ஆகிய நான்கையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.